பெயருக்குப் போகும் பணம்: மாதச் சாமானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடியிருப்பில் புதுக் குடித்தனம் வருகிறவர்கள் முதல் மாதம் முடிந்ததும் மளிகை பில்லோடு வந்து நிற்பார்கள். "அக்கா, ரெண்டு பேருக்கு இவ்வளவா ஆகும்?" வாங்கிப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் விளம்பரத்தில் வரும் ஒரு பெயர். குடித்தனம் வைத்த புதிதில் நாங்களும் இப்படித்தான் வாங்கினோம், அதனால் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் அதே இடங்களில் பணத்தை விடுவதைப் பார்க்கும்போது எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது.

பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், பசியோடு கடைக்குப் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்ணெய் பாக்கெட்டில் விலையை மட்டும் பார்ப்பது

ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை இருக்கும். முன்பு எண்ணெயை அரசு நிர்ணயித்த அளவுகளில்தான் அடைத்து விற்க வேண்டும். 2022இல் அந்தக் கட்டுப்பாடு போன பிறகு 850 கிராம், 800 கிராம் என்று பாக்கெட்டுகள் வந்தன. அலமாரியில் லிட்டர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் உருவத்தில் வித்தியாசம் தெரியாது. விலை மட்டும் ஐந்தாறு ரூபாய் குறைவாக இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 910 கிராம் பாக்கெட் 146 ரூபாய், 850 கிராம் பாக்கெட் 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை முழு லிட்டருக்குக் கணக்கிட்டால் 150 ரூபாய் வருகிறது. மலிவு என்று நினைத்து எடுத்ததுதான் விலை கூடியது.

இந்தக் கணக்கை நீங்களே போடவேண்டியதில்லை. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் கிராமுக்கு அல்லது மில்லிக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. கடையில் அதைவிடக் குறைத்துக் கொடுத்தால் கொடுக்கிற விலையை எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

பெரிய பாட்டில்தான் லாபம் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்ததே. ஷாம்பூவில் அது பெரும்பாலும் தலைகீழ். சாஷே வியாபாரம் வளர்ந்ததே நம் கடலூரில்தான். பல ஷாம்பூக்களில் இன்றும் மில்லிக்கு மில்லி பார்த்தால் பாட்டிலைவிட சாஷே மலிவு. குப்பை சேரும் என்ற மனக்குறை எனக்கு உண்டு. அதற்காகப் பாட்டில் வாங்குவது வேறு விஷயம், மலிவு என்று நினைத்து வாங்காதீர்கள்.

மூட்டையின் படத்தைப் பார்த்து அரிசி வாங்குவது

மூட்டையில் பெரிதாக இருப்பது ஆலைக்காரர் வைத்த பெயர். நமக்குத் தெரியவேண்டியது என்ன ரகம், பழைய அரிசியா புது அரிசியா என்ற இரண்டும்தான். பழைய அரிசி தண்ணீர் கூடுதலாக இழுக்கும், சோறு நன்றாகக் காணும், உதிரியாக வரும். புது அரிசியை அதே விலைக்கு வாங்கினால் சோறு குழைந்துபோவதோடு மாதக் கடைசியில் அரிசியும் போதாது. தெரிந்த கடை என்றால் ஒரு கிலோ வாங்கி ஒரு வேளை வடித்துப் பார்த்துவிட்டு மூட்டையாக எடுங்கள். கடைக்காரர்கள் இதற்குத் தப்பாக நினைப்பதில்லை.

26 கிலோ மூட்டை ஏன் வந்தது என்று பலர் கேட்கிறார்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்துப் பெயர் அச்சிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு வரி கிடையாது. அதனால் ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டின. ஆகவே இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது மூட்டை விலையைக் கேட்காதீர்கள், கிலோ விலையைக் கேளுங்கள்.

உப்பு

அயோடின் கலந்தது என்று எழுதியிருந்தால் போதும்.

மாத்திரையின் பிராண்டுப் பெயரை மருந்தின் பெயர் என்று நினைப்பது

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்ததை இந்த ஒரு தவறு தின்றுவிடும். அதோடு உடம்பும் சம்பந்தப்பட்டது.

எங்கள் மூன்றாவது மாடியில் ஒரு பையன், ஊரிலிருந்து அம்மாவை அழைத்துவந்து வைத்திருக்கிறான். அம்மாவுக்கு பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. ஒரு நாள் ராத்திரி கடை அடைக்கும் நேரத்தில் வண்டியை எடுத்தான். கேட்டால், பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது, அந்தக் கம்பெனி மாத்திரை இந்தப் பக்கம் எங்கேயும் இல்லை, சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் தேடப் போகிறேன் என்றான். விசாரித்தால் அம்மா இரண்டு நாளாக மாத்திரையே போடவில்லை. தெருமுனை மருந்துக் கடையில் அதே மருந்து, டெல்மிசார்டன் 40 மில்லிகிராம், வேறு கம்பெனிப் பெயரில் இருக்கிறது. "அது வேற மாத்திரைக்கா, அம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்றான்.

அங்கேயே மருத்துவருக்கு போன் செய்யச் சொன்னேன். அவர் ஒரே வார்த்தையில் "அதையே கொடுங்க" என்றார்.

மறுநாள் பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பெரிய கம்பெனிப் பெயர்களை எடுத்துவிட்டால் இரண்டிலும் ஒரே வரிதான்: டெல்மிசார்டன் டேப்லெட்ஸ் ஐ.பி., 40 மி.கி. ஐ.பி. என்றால் இந்திய மருந்துத் தரநூல் வகுத்த அளவுகளுக்கு அந்த மாத்திரை உட்பட்டது என்று அர்த்தம். கீழே தயாரித்தவர் முகவரியைப் பார்த்தால் இரண்டும் இமாசலப் பிரதேசம். நாம் நம்பிக் கேட்கும் பெயர் பல நேரங்களில் விற்பவரின் பெயர்தான். தயாரிப்பது வேறொரு ஆலை, அதே ஆலை பல கம்பெனிகளுக்கு மாத்திரை செய்து கொடுக்கும். தயாரித்தவர், விற்பவர் என்று இரண்டு பெயர்கள் அட்டையில் தனித்தனியாக இருக்கும், பாருங்கள்.

அவன் வாங்கிக்கொண்டிருந்த மாத்திரை ஒன்று ஏழு ரூபாய்க்கு மேல். அதே மருந்து, பொதுப் பெயரில் மலிவாக விற்கும் மக்கள் மருந்தகத்தில் இரண்டு ரூபாய்க்குள் கிடைக்கிறது. மாத்திரைக்கு 5 ரூபாய் வித்தியாசம் என்றால் மாதம் 150, வருடத்துக்கு 1,800 ரூபாய். இப்படி மூன்று மாத்திரை போடும் பெரியவர்கள் வீட்டில் இரண்டு பேர் இருந்தால் 10,800 ரூபாய். எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். போன் வாங்கும்போது பத்துக் கடை விலையை ஒப்பிடும் பிள்ளைகள், வருடக்கணக்கில் வாங்கும் மாத்திரை அட்டையை ஒரு தடவைகூடத் திருப்பிப் படிப்பதில்லை. இத்தனைக்கும் 2018 முதல் ஒற்றை மருந்து மாத்திரைகளில் மருந்தின் பொதுப் பெயரை பிராண்டுப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது விதி.

"கடைக்காரரே மாற்றித் தரக்கூடாதா?" என்று கேட்பார்கள். கூடாது. சீட்டில் எழுதிய பிராண்டுக்குப் பதில் வேறொன்றைத் தாமாகக் கொடுக்க மருந்து விதிகள் அவரை அனுமதிக்கவில்லை. அதனால் மருத்துவர் அறையிலேயே கேட்டுவிடுங்கள்: "சார், மருந்துப் பேரையும் எழுதிக் கொடுங்க, மக்கள் மருந்தகத்துல வாங்கிக்கிறோம்." தயங்க வேண்டாம். பொதுப் பெயரில், தெளிவான எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இல் திருத்தப்பட்ட மருத்துவர் நெறிமுறையே சொல்கிறது.

மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. உங்கள் மருந்து இருக்கிறதா, என்ன விலை, பக்கத்துக் கடை எங்கே என்பதை மக்கள் மருந்தகத்துக்கான ஜன் ஔஷதி சுகம் செயலியில் பார்த்துவிட்டே கிளம்பலாம். சில மாத்திரைகள் இருப்பு இல்லாமல் போவதுண்டு, அதனால் அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போங்கள். அரசு மருத்துவமனையில் பதிந்து பார்ப்பவர்களுக்கு மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

தரம் எப்படி என்ற பயம் நியாயமானது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, சோதனையில் தேறாத மருந்துகளின் பட்டியலை மாதாமாதம் வெளியிடுகிறது. அதில் பெயர் தெரியாத கம்பெனி மருந்தும் வரும், பெயர் பெற்ற கம்பெனி மருந்தும் வரும். விலை கூட என்பதால் மட்டும் ஒரு மாத்திரை பாதுகாப்பாகிவிடாது.

அப்புறம், மாற்றும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. தைராய்டு, வலிப்பு, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்கான மருந்து ஆகியவற்றில் மருத்துவரைக் கேட்காமல் கம்பெனியை மாற்றவே கூடாது. அளவு சிறிது மாறினாலும் உடம்பு காட்டிவிடும். மற்றவற்றிலும் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளை விடாதீர்கள். மெட்ஃபார்மின் வேறு, மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். வேறு. டெல்மிசார்டன் வேறு, அதோடு அம்லோடிபின் சேர்ந்தது வேறு. மெட்டோப்ரொலால் சக்சினேட், டார்ட்ரேட் என்று இரண்டு வகை உண்டு, அவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

இன்னொன்று யாரும் சொல்லித் தருவதில்லை. பெரியவர்கள் மாத்திரையைப் பெயரால் அறிவதில்லை, நிறத்தாலும் வடிவத்தாலும்தான் அறிவார்கள். "காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்" என்பதுதான் அவர்கள் கணக்கு. கம்பெனி மாறினால் நிறமும் மாறும். புதுசு ஒன்று சேர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். பழைய அட்டையை வீட்டிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதைக் கொடுங்கள். அதன் மேல் மார்க்கரால் "பி.பி., காலை" என்று தமிழில் எழுதுங்கள். எழுதும்போது காலாவதித் தேதி மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோப்பில் வாசனைக்கும் நடிகை படத்துக்கும் விலை கொடுப்பது

சோப்பு உறையின் பின்னால் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் இருக்கும். சோப்பில் உண்மையான கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதுதான் அது. இந்தியத் தர அளவில் குளியல் சோப்புக்கு மூன்று தரங்கள் உண்டு: முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாவதுக்கு 70, மூன்றாவதுக்கு 60. இதற்கும் கீழே 'பேதிங் பார்' என்று ஒரு வகை உண்டு, அதில் 40 இருந்தாலே போதும். டி.எஃப்.எம். குறைந்த சோப்பு நனைந்ததும் குழைந்து சீக்கிரம் கரையும்.

கடை அலமாரியில் முதல் தரச் சோப்பும் அதைவிட விலை கூடிய மூன்றாம் தரச் சோப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கலாம். கர்நாடக அரசு நிறுவனம் தயாரிக்கும் மைசூர் சாண்டல் முதல் தரம்தான். ஆனால் தோல் வறட்சி, அரிப்பு உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சில கட்டிகள் சோப்பே அல்ல, வேறு வகைச் சுத்திகரிப்புப் பொருளால் ஆனவை. அவற்றை இந்த எண்ணை வைத்து அளக்காதீர்கள்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்

முதலில் தேதி. அப்புறம் இரண்டாவது பாக்கெட் வீட்டுக்குத் தேவையா என்பது.

பிராண்டு வேண்டாம் என்று உதிரித் தூள் வாங்குவது

மலிவு தேடப் போய் மறுபக்கம் விழுகிறவர்களும் உண்டு. பெயரில்லாத பாக்கெட்டில் வரும் மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் வேண்டாம். கலப்படம் எளிதாக நடப்பது தூளில்தான். மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயம் கலந்த சாயம் சேர்க்கும் கொடுமையும் உண்டு. மிளகாய் வற்றல், மல்லி, விரலி மஞ்சள் ஆகியவற்றை முழுசாக வாங்கி, நல்ல வெயிலில் காயவைத்து, மில்லில் கூடவே நின்று அரைத்து வாருங்கள். வேலைக்குப் போகும் வீடுகளில் இதற்கு நேரம் இல்லை என்றால் அக்மார்க் முத்திரை உள்ள பாக்கெட் வாங்குங்கள். கூட்டுறவு சிறப்பங்காடிகளிலும் அது கிடைக்கும்.

பாதுகாப்புச் சாமானில் பேரம் பேசுவது

குக்கரும் கேஸ் குழாயும் விலை பார்த்து வாங்கும் சாமான் அல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பிரஷர் குக்கரை விற்கவே கூடாது என்பது 2021 முதல் சட்டம். ஆனாலும் சந்தையிலும் இணையத்திலும் வருகிறது. மூடியிலோ அடியிலோ முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் அதே கம்பெனியுடையதாக இருக்கட்டும், இங்கே பிராண்டுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. அடுப்புக்குப் போகும் ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயை கேஸ் ஏஜென்சியிலேயே கேட்டு வாங்குங்கள். அதன் ஆயுள் ஐந்து ஆண்டு, தேதி குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும்.