வேடந்தாங்கலுக்குக் கேமராவோடு கிளம்பும் முன் ஒரு வீட்டுப்பாடம்

வேடந்தாங்கல் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும்: பச்சை மரம், அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். பறவை எப்போது என்ன செய்யும் என்று தெரியாவிட்டால், 600 மி.மீ. லென்ஸ் அந்தப் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். அதனால் முதலில் படிப்போம், அப்புறம் எடுப்போம்.

படி 1: மாதம் பாருங்கள்

சீசன் நவம்பரில் தொடங்கும் என்பார்கள். ஆனால் ஏரி நிறைவது வடகிழக்குப் பருவமழையில். மழை ஏமாற்றினால் பறவைகளும் ஏமாற்றும். எனவே காலண்டரோடு அந்த வருட மழைச் செய்தியையும் பாருங்கள். இ-பேர்ட் தளத்தில் எந்தப் பறவை எந்த மாதத்தில் தென்படுகிறது என்ற பட்டியல் இலவசமாகவே கிடைக்கும். குச்சி சுமந்து பறக்கும் படம் வேண்டுமென்றால் சீசன் தொடக்கத்தில் போக வேண்டும். குஞ்சுகள் வேண்டுமென்றால் பொங்கலுக்குப் பிறகு போகலாம்.

படி 2: ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொள்ளுங்கள்

கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா என்று எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டால் ஒன்றும் தேறாது. நத்தை குத்தி நாரையை எடுத்துக்கொள்வோம். இதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அது தெரிய வேண்டுமானால் பக்கவாட்டில்தான் எடுக்க வேண்டும்; நேர் எதிரே நின்றால் சாதாரண நாரையாகிவிடும். அடுத்து, இதன் முக்கிய உணவு நன்னீர் நத்தை. கூடு ஏரி மரத்தில் இருந்தாலும் சாப்பாடு சுற்றியுள்ள வயல்களிலும் குட்டைகளிலும்தான். ஆக, நத்தையோடு ஒரு படம் வேண்டுமென்றால் சரணாலயத்துக்குள் காத்திருப்பதைவிட, தண்ணீர் நிற்கும் வயல் ஓரச் சாலையில் வண்டியை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே எடுப்பது மேல். படிக்காமல் போனவருக்கு இது தோன்றவே தோன்றாது.

மஞ்சள் மூக்கு நாரை இன்னொரு உதாரணம். உச்சி வெயிலில் தாய்ப்பறவை சூரியனுக்கு முதுகைக் காட்டி, இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். 'வெளிச்சம் சரியில்லை' என்று எல்லோரும் சாப்பிடப் போகும் நேரம் அது. குடை போல விரிந்த இறக்கை, அடியில் வாயைத் திறந்துகொண்டு குஞ்சுகள். காலைப் பொன்வெயிலில் இந்தப் படம் கிடைக்காது.

படி 3: வெயிலும் காற்றும்

கூகுள் எர்த்தில் ஏரியின் கரையையும் மரக்கூட்டங்களையும் பார்த்து, காலையில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமா என்று கணக்குப் போடுங்கள். இல்லையென்றால் மாலையில் போங்கள். பெரிய பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசினால் அவை உங்களைப் பார்த்தபடி வந்து இறங்கும்.

படி 4: ஊரையும் படியுங்கள்

பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். 1798-இலேயே ஆங்கிலேயக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள். இது தெரிந்தால் பறவையோடு நிறுத்த மாட்டீர்கள்; வாய்க்கால், மடை, நாற்று நடும் கைகள் எல்லாம் உங்கள் கதைக்குள் வந்துவிடும். ஆட்களை எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

படி 5: ஒரு துண்டுச் சீட்டு

படித்ததையெல்லாம் மூன்று நான்கு வரியில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி. வெள்ளை இறகு, பின்னால் இருண்ட இலை என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் (கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் படி) அளவு குறையுங்கள், இல்லாவிட்டால் இறகின் விவரம் வெளுத்துப் போகும். கூட்டுக்கு அருகில் போகவோ சத்தம் போடவோ கூடாது. தாய் எழுந்து பறந்தால் முட்டைக்கும் குஞ்சுக்கும் காகம் காத்திருக்கும்.

கடைசியாக, உள்ளே நுழைந்ததும் கேமராவை எடுக்காமல் காவலரிடம், "அண்ணே, குஞ்சு பொரிச்ச கூடு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேளுங்கள். இன்றைய நிலவரம் எந்தத் தளத்திலும் கிடைக்காது, அவருக்குத்தான் தெரியும்.