முதிய முகத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது எப்படி? ரெம்பிராண்டை வைத்து ஒரு பயிற்சி

வயதானவர் முகத்தைத் தீட்டும்போது எல்லோரும் தடுமாறும் இடம் சுருக்கங்கள். அதைக் கற்க நான் பரிந்துரைப்பது, டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1661 வாக்கில் தீட்டிய மார்கரேத்தா டி கீர் படம். இவர் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரப் பெரும் வணிகர் யாக்கோப் டிரிப்பின் மனைவி. அப்போது எண்பதை நெருங்கியிருந்தார். கழுத்தில் அந்தக் காலத்திலேயே பழசாகிப்போன பெரிய வட்டக் காலர். லண்டன் நேஷனல் கேலரி இணையதளத்தில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

வண்ணம் ஐந்து போதும்: டைட்டானியம் ஒயிட் (வெள்ளை), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு). தோல் நிறம் என்று தனியாக விற்கும் டியூபை வாங்க வேண்டாம், முகம் ஒரே நிறமாகிவிடும். பன்றிமுடி பிரஷ் 6, 8 எண்களில் வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய பிரஷ் கையில் இருந்தால் மனம் கோடு போடத்தான் தேடும்.

படி 1: அம்பரை டர்பன்டைனில் (எண்ணெய் வண்ணத்தை நீர்க்கச் செய்யும் திரவம்) கரைத்து கேன்வாஸ் முழுக்கப் பூசித் துடையுங்கள். காய்ந்ததும் தலை, காலர், தோள் எல்லைகளைக் குறியுங்கள்.

படி 2: கண்ணைப் பாதி மூடிப் படத்தைப் பாருங்கள். வெளிச்சம், நிழல் என்று இரண்டே பகுதிகள் தெரியும். அவற்றை மட்டும் பூசுங்கள். கண்குழி, கன்னப் பள்ளம், தாடை மூன்றும் சரியாக விழுந்தாலே வயது தெரிந்துவிடும்.

படி 3: இனி சுருக்கம். அவசரமே வேண்டாம். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு சின்ன மேடு. அதற்கு ஒளி படும் பக்கம் உண்டு, நிழல் பக்கம் உண்டு. நிழலை அம்பரும் சியன்னாவும் கலந்து வையுங்கள். பிறகு அதன் ஒரு ஓரத்தை மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் மெல்ல இழுத்து அடுத்த நிறத்தோடு கரையுங்கள். மறு ஓரத்தைத் தொடாதீர்கள். இரண்டு ஓரமும் கூர்மையாக இருந்தால்தான் அது கோடாகத் தெரிகிறது. கண்ணுக்குக் கீழ் தொங்கும் பையில் இதைப் பழகிவிட்டு நெற்றிக்குப் போங்கள். நெற்றிப்பொட்டில் தோல் மெலிந்து நீலம் பாரித்திருக்கும். அதற்கு நீல வண்ணம் தேவையில்லை. கறுப்பையும் வெள்ளையையும் கலந்த சாம்பல், ஓக்கருக்குப் பக்கத்தில் நீலமாகவே தெரியும்.

படி 4: காலரைச் சாம்பலில் தொடங்குங்கள். சுத்த வெள்ளை கடைசியில், ஒளி நேராக விழும் மடிப்புகளில் மட்டும்.

பிற்சேர்க்கை: படத்தில் கறுப்பு உடைக்குப் பூசிய வண்ணம் நாள்கணக்கில் காயவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஐவரி பிளாக் இயல்பிலேயே மெதுவாகக் காயும். வண்ணத்தில் கலக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் கூடினால் இன்னும் இழுக்கும். அம்பரில் உள்ள மாங்கனீசு காய்வதை விரைவுபடுத்தும் என்பதால், கறுப்போடு கொஞ்சம் அம்பர் கலந்துவிடுங்கள். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேல்பூச்சில் அதிகம் என்ற வரிசையும் மாறக் கூடாது, மாறினால் பின்னாளில் வெடிப்பு விடும்.

அப்புறம், லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.