கத்திரி வெயிலில் மத்தியான ஓய்வு

கத்திரி வெயில் பெரும்பாலும் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும். இந்த நாட்களில் அசந்த பிறகு ஓய்வைத் தேடினால் காரியம் கெட்டுவிடும். நாக்கு வறளும்போதே உடம்பில் நீர் குறைந்துபோயிருக்கும். அதனால் முதலில் ஓய்வு நேரத்தைக் குறித்துக்கொண்டு, மிச்சத்தில் வேலையை வையுங்கள்.

அடுப்பு வேலை, கடைகண்ணி, துணி துவைப்பு எல்லாம் காலை 10 மணிக்குள் முடியட்டும். 12 முதல் 3 வரை வெளியே போக வேண்டாம். மத்தியானத்துக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும் போதும். நீர்மோருக்கு ஒரு கப் தயிருக்கு நான்கு கப் தண்ணீர். வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

ஒன்றரை மணிக்குப் படுத்து, 20 அல்லது 30 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். அலாரம் வைப்பது நல்லது. ஒரு மணி நேரம் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழ நேர்ந்து தலை கனக்கும். 3 மணிக்கு மேல் தூங்கினால் ராத்தூக்கம் போச்சு.

எங்கே படுப்பது? மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை ஆகாது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் பொழுது சாய்ந்த பிறகும் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். தரைத்தளத்தில் வெறுந்தரையில் கோரைப்பாய் போதும். மே மாதத்தில் நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே போவதால் தெற்கு ஜன்னலால் தொல்லை இல்லை. காலையில் கிழக்கையும் மத்தியானம் மேற்கையும் மறையுங்கள். தட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்ட வேண்டும். உள்ளே திரை போட்டால் கண்ணாடி வழியாகச் சூடு ஏற்கெனவே வந்திருக்கும். ஈரத்துணி தொங்கவிடுவது வேலூர், திருச்சி மாதிரி வறண்ட ஊர்களுக்குச் சரி. சென்னையில் புழுக்கம்தான் கூடும். அங்கே கடற்காற்று வந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறப்பதே மேல்.

வெயில் வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுங்கள். தினமும் அதே அளவு கூட்டினால் ஐந்தாம் நாள் முழு வேலை பார்க்கலாம். உடம்பு முழுதாகப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.

தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் உட்காரவைத்து ஓஆர்எஸ் கொடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று கொட்டினால் உப்பு கூடிப்போகும். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ 108-ஐ அழைத்துவிட்டு, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.