கிற்றார்ல கதைக்கப் பழகிறது எப்பிடி

ஒருக்கா கிளிநொச்சியில ஒரு கலியாண வீட்டில ஸ்கேல் (சுரவரிசை) முழுக்க ஏறி இறங்கி வேகமா வாசிச்சு முடிச்சன், பந்தியில இருந்த ஒரு ஐயா "தம்பி, தையல் மெசின் மாதிரி நல்லா ஓடுது" எண்டார். நான் அதைப் பாராட்டு எண்டு நினைச்சு சிரிச்சுப்போட்டு வந்திட்டன்.

பிழை விரல்ல இல்ல, மூச்சில. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு முடிஞ்சா நிப்பாட்டித்தான் ஆகோணும், எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்ல, அதால அடிச்சுக்கொண்டே போறம். வாசிக்கிறதை வாயால முணுமுணுத்துக்கொண்டு வாசியுங்கோ, மூச்சு முடியிற இடத்தில கையும் நிக்கோணும். முல்லைத்தீவு வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனா கச்சான் வாங்கித் திண்டிட்டு வராம நாதஸ்வரம் வாசிக்கிற இடத்துக்குக் கிட்டப் போய் நிண்டு அவர் எங்க நிப்பாட்டுறார் எண்டு பாருங்கோ.

அடுத்தது கேள்வி பதில். இ மைனர் கோர்டை (சேத்து அடிக்கிற சுரக்கூட்டம்) போன்ல ரெக்கோர்ட் பண்ணி ஓட விடுங்கோ. "எங்க போறாய்?" எண்டு வாயால கேட்டுப் பாத்திட்டு அதே தாளத்தில ரெண்டாம் கம்பியில, அதான் பி கம்பியில, 5, 5, 8 (இந்த இலக்கமெல்லாம் கழுத்தில விரல் வைக்கிற கட்டை, அதான் ஃபிரெட்) வாசிச்சு கடைசி அசைக்கு 8ல இருந்து 10க்கு விரலை எடுக்காம வழுக்கிக்கொண்டு போங்கோ. கேள்வி அந்தரத்தில நிக்கும். ஒரு மூச்சு சும்மா இருங்கோ, கை துடிக்கும்தான், விடாதீங்கோ. பிறகு "கடைக்கு" எண்டு 8, 3, 5. அந்த 5ல வாறது இ நோட், ஓடுற கோர்டின்ட அடிச்சுரமும் அதுதான், அதால வீட்டுக்கு வந்து இருந்த மாதிரி இருக்கும். இனி நோட் ஒண்டையும் மாத்தாம "எங்க"வை பிரிட்ஜுக்கு (உடம்பில கம்பி கட்டியிருக்கிற கட்டை) கிட்ட இறுக்கி அடிச்சுப் பாருங்கோ, அம்மா வாசல்ல நிண்டு கேக்கிற மாதிரி வரும். கிற்றார் ஓட்டைக்கு மேல மெல்லமா அடிச்சா கூட்டாளி கேக்கிற மாதிரி.

அமெரிக்க ப்ளூஸ் கிற்றார்காரர் பி.பி. கிங்கும் இதைத்தான் செய்தவர், பாடேக்க கிற்றார் அடிக்கமாட்டார், வரி முடிய கிற்றார் பதில் சொல்லும்.

பெண்டிங்குக்கு (கம்பியைத் தள்ளி சத்தத்தை உயத்திறது) அகூஸ்டிக்ல மூண்டாம் கம்பியோட மல்லுக்கட்டாதீங்கோ, அது மேல இன்னொரு கம்பி சுத்தின தடிச்ச கம்பி, விரல்தான் போகும். பி கம்பியில 8ஐ அடிச்சு சத்தத்தைக் காதில வையுங்கோ, பிறகு 7ல மூண்டு விரலையும் சேத்துத் தள்ளி அதே சத்தத்துக்குக் கொண்டு வாங்கோ. கனபேர் கொஞ்சம் முன்னுக்கே நிப்பாட்டிப்போடுவினம், அது தான் கேக்க அழுகிற மாதிரி இருக்கிறது.

வைப்ரேட்டோவை (விரலை ஆட்டி நோட்டை அசைக்கிறது) அடிச்ச உடன தொடங்காதீங்கோ, குளிர்காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். முதல்ல நோட் நேரா நிக்கட்டும், பிறகு மணிக்கட்டால ஆறுதலா, ஒரே அளவா.

மெட்ரோநோமை (தாளம் தட்டுற கருவி) நிமிசத்துக்கு 60 தட்டில வைச்சு நாளுக்கு பத்து நிமிசம் போதும். ரெக்கோர்ட் பண்ணினதை அண்டைக்கே கேக்காதீங்கோ, அடுத்த நாள் காலமை தேத்தண்ணியோட கேளுங்கோ, எந்த நோட்டை வெட்டோணும் எண்டு அப்பதான் தெரியும்.