கேமிங் லேப்டாப்ல அடுத்த கிராபிக்ஸ் கார்டுக்கு காசு கூட போடலாமா, வேணாமா?

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி பையன் போன் போட்டான். "அண்ணே, 4060 லேப்டாப் ஒண்ணு, 4070 லேப்டாப் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், ரெண்டுக்கும் இருபத்தஞ்சாயிரம் வித்தியாசம், நாளைக்கு ஆஃபர் முடியுது, எத எடுக்க?" 4060, 4070ன்றது என்விடியா கம்பெனி கிராபிக்ஸ் கார்டோட மாடல் நம்பர், கேம்ல படத்த வரையறது அந்த கார்டுதான். நான் திருப்பி ரெண்டே கேள்விதான் கேட்டேன். என்ன கேம் ஆடப்போற? அந்த ரெண்டு லேப்டாப்லயும் கார்டுக்கு எத்தன வாட்டு? முதல் கேள்விக்கு "எல்லாம்தான்"ன்னான், ரெண்டாவதுக்கு "எந்த வாட்டு, சார்ஜர் வாட்டா?"ன்னான். சரி, இன்னைக்கு தூக்கம் போச்சுன்னு நெனச்சுகிட்டு அவனுக்கு சொன்னதத்தான் இங்கயும் எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு. டெஸ்க்டாப்னா இன்னைக்கு சின்ன கார்டு போட்டுட்டு ரெண்டு வருசம் கழிச்சு வித்துட்டு பெருசு போட்டுக்கலாம். லேப்டாப்ல பெரும்பாலும் கார்டு மதர்போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டியிருக்கும், கழட்ட முடியாது. ராம், எஸ்எஸ்டி எல்லாம் பெரும்பாலான கேமிங் லேப்டாப்ல அப்புறம் மாத்திக்கலாம். அதனால காசு போடறதுன்னா மாத்த முடியாத சாமான்ல போடுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது உண்மைதான், ஆனா மாத்த முடியாத சாமான் கார்டு மட்டும் இல்ல, ஸ்கிரீனும் கூலிங்கும் கூட அப்புறம் நம்ம கையில இல்ல, அத யாரும் சொல்றதில்ல.

பேர பாத்து ஏமாறாதீங்க

4070னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அது டெஸ்க்டாப் 4070 இல்ல. டெஸ்க்டாப்ல வர்றது 5888 கோர் (கணக்கு போடற சின்ன சின்ன யூனிட்), 12 ஜிபி மெமரி (கார்டுக்குன்னே தனியா இருக்கறது), 200 வாட். லேப்டாப்ல வர்ற 4070 4608 கோர், 8 ஜிபி. பேரு ஒண்ணு, உள்ள சிப்பே வேற. மேல போகப்போக இன்னும் மோசம், லேப்டாப் 4090க்குள்ள இருக்கறது டெஸ்க்டாப் 4080ல போடற சிப்பு. அதனால டெஸ்க்டாப் கார்டோட ரிவ்யூ வீடியோ பாத்துட்டு லேப்டாப் முடிவு பண்ணவே பண்ணாதீங்க. தேடும்போது கூடவே லேப்டாப்னு போட்டு தேடுங்க, முடிஞ்சா நீங்க வாங்கப்போற அதே மாடல் பேர போட்டு தேடுங்க.

மெமரி எங்க ஏறுதுன்னு பாருங்க

சித்தி பையன் கேட்ட கேள்விக்கு பாதி பதில் இங்கயே இருக்கு. 4050ல 6 ஜிபி, 4060ல 8 ஜிபி, 4070லயும் அதே 8 ஜிபிதான், அதுக்கு மேல 4080க்கு போனாத்தான் 12. 2025ல வந்த 50 சீரிஸ்லயும் கிட்டத்தட்ட இதே கதை, 5050, 5060, 5070 மூணுலயும் 8 ஜிபி, 5070 டிஐல 12, 5080ல 16. அதாவது 4060ல இருந்து 4070க்கு போறப்ப கோர் 3072ல இருந்து 4608 ஆகுது, பாதிக்கு பாதி கூடுது, ஆனா மெமரி அதே 8, அதுக்கு போற வழியும் அதே 128 பிட். அடுப்ப பெருசாக்கிட்டு பாத்திரத்த அதே சைஸ்ல வச்ச மாதிரி. கோர் அம்பது சதவீதம் கூடுச்சேன்னு எஃப்பிஎஸ்ஸும் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம், அதாவது படம், வருதுன்ற கணக்கு) அம்பது சதவீதம் கூடும்னு நெனச்சா ஏமாந்துதான் போவீங்க.

மெமரி பத்தலேன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா அது எஃப்பிஎஸ் ஆவரேஜ்ல சரியா தெரியாது. 4060 தன்னோட மெமரியோட பேசற வேகம் செகண்டுக்கு 256 ஜிபி. 8 ஜிபி நெறஞ்சு போச்சுன்னா மிச்ச டெக்ஸ்சர (கேம்ல சுவரு, தரை மேல ஒட்டற படங்கள) லேப்டாப்போட சாதா ராம்ல கொண்டுபோய் வைக்கும், அங்க போய் எடுத்துட்டு வர்ற ரோடு செகண்டுக்கு 16 ஜிபி மாதிரிதான். நாலு வழிச்சாலைல போயிட்டு இருந்தவன் திடீர்னு சந்துக்குள்ள திரும்பின கதை. ஆவரேஜ் 60னு காட்டும், ஆனா வண்டிய திருப்பினா ஒரு நொடி அப்படியே நிக்கும், சுவத்துல டெக்ஸ்சர் மங்கலா வந்து ரெண்டு செகண்டு கழிச்சு தெளிவாகும். இதுக்கு கார்டு வேகம் ஒண்ணும் பண்ணாது, டெக்ஸ்சர் செட்டிங்க ஒரு படி கொறச்சாத்தான் சரியாகும். 2024 கடைசில வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு குறைஞ்சபட்சமே 8 ஜிபி கார்டுதான் போட்டிருந்தாங்க, புது பெரிய கேமெல்லாம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கோங்க.

ஆக என் கணக்கு என்னன்னா, 6ல இருந்து 8க்கு போக காசு போடலாம், கண்ண மூடிட்டு. 8ல இருந்து 12க்கு போக, பட்ஜெட் தாங்கினா போடலாம், நாலஞ்சு வருசம் வச்சிருக்கப் போறீங்கன்னா இன்னும் நல்லது. 8ல இருந்து அதே 8க்கு இருபத்தஞ்சாயிரம்னா நான் போடமாட்டேன். அஞ்சாறாயிரம்னா போடுவேன், அது வேற.

வாட்டு

இத நான் பட்டுத்தான் கத்துகிட்டேன். என்னோட முதல் கேமிங் லேப்டாப் 3060, ஒல்லியா அழகா இருக்குன்னு வாங்கினது, கம்பெனி பேரு வேணாம். ஆபீஸ்ல ஒரு பையன் அதே 3060 போட்ட வேற ஒரு லேப்டாப் வச்சிருந்தான், செங்கல் மாதிரி தடிமன், பாக்கவே நல்லாருக்காது, என்னோடத விட விலையும் கம்மி. ஒருநாள் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சைபர்பங்க் 2077 ஒரே செட்டிங்ல ஓட்டினோம், அவனோடது சும்மா ஓடிச்சு, என்னோடது திணறிச்சு. அப்புறம் பாத்தா என்னோடதுல கார்டுக்கு 80 வாட்டு, அவனோடதுல 115. பெட்டி மேல ரெண்டுலயும் ஒரே பேரு.

என்விடியா ஒரு கார்டுக்கு இந்த வாட்டுல இருந்து இந்த வாட்டு வரைக்கும்னு ஒரு வரம்பு குடுக்கும், அதுக்குள்ள எங்க வைக்கறதுன்றது லேப்டாப் கம்பெனி இஷ்டம். 4050, 4060, 4070 மூணுக்கும் அந்த வரம்பு 35ல இருந்து 115. அதுக்கு மேல டைனமிக் பூஸ்ட்னு சிபியு (லேப்டாப்போட மெயின் ப்ராசஸர்) சும்மா இருக்கறப்ப அதோட பங்க கொஞ்சம் புடுங்கி கார்டுக்கு குடுப்பாங்க, அதனாலதான் சில மாடல்ல 140னு போட்டிருக்கும். முன்னாடியெல்லாம் கம்மி வாட்டு கார்டுக்கு மேக்ஸ்-க்யூன்னு பேருலயே தெரியும், இப்ப அதையும் எடுத்துட்டாங்க, ஸ்பெக் பக்கத்துல கீழ சின்ன எழுத்துல டிஜிபின்னோ மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்னோ தேடணும். போடாத கம்பெனியா இருந்தா அதுவே ஒரு பதில்தான்.

60 வாட்டு 4070யும் 115 வாட்டு 4060யும் பக்கத்துல வந்தா நான் 4060த்தான் எடுப்பேன். அதே சமயம் வாட்டு கூடக்கூட நல்லதுன்னும் இல்ல, 4060ல ஒரு 100 வாட்டு தாண்டினா அதுக்கப்புறம் பெருசா ஏறாது, 140னு போட்டிருக்கான்னு அதுக்கு தனியா காசு குடுக்காதீங்க. 4070க்கு அந்த வாட்டு வேணும், இல்லேன்னா கூட இருக்கற கோரெல்லாம் சும்மா உக்காந்திருக்கும்.

இன்னொண்ணு, வாட்டுன்னா சூடு. ரிவ்யூ எடுக்கறவங்க பல பேரு ஏசி ரூம்ல ஓட்டறாங்க. நம்ம ஊர்ல மே மாசம் மத்தியானம் ஃபேன் காத்துல, அதுவும் மெத்தை மேல வச்சு ஓட்டினா, கார்டு சூடு தாங்காம தானே வேகத்த கொறச்சுக்கும். ரெண்டு மாடலுக்கு நடுவுல குழப்பம்னா கூலிங் நல்லா இருக்கறத எடுங்க, கார்டு ஒரு படி கீழ இருந்தாலும். கரண்ட் போனா பேட்டரில ஆடிக்கலாம்னும் நெனக்காதீங்க, பேட்டரில எந்த கார்டும் அதோட முழு பலத்த காட்டாது, 4050யும் 4070யும் அங்க கிட்டத்தட்ட ஒரே ஜாதி.

நீங்க ஆடற கேமுக்கு கார்டுதான் குறையா?

வாலரண்ட், சிஎஸ் 2 மாதிரி கேம்தான் ஆடப்போறீங்கன்னா இதுவரைக்கும் எழுதினதுல முக்கால்வாசி உங்களுக்கு தேவையில்ல. அந்த மாதிரி கேமுக்கெல்லாம் கார்டு தள்ளறதுக்கு முன்னாடி சிபியு மூச்சு வாங்கும். ஆனா நான் சொல்றேன்னு நம்பாதீங்க, சோதிச்சு பாருங்க, பத்து நிமிசம் வேல.

கையில இருக்கற பழைய லேப்டாப்லயோ ஃப்ரெண்டோட லேப்டாப்லயோ நீங்க ஆடற கேம திறங்க. விசிங்க் (ஸ்கிரீன் வேகத்துக்கு மேல எஃப்பிஎஸ் போகாம கட்டிப்போடற செட்டிங்) ஆஃப் பண்ணுங்க, எஃப்பிஎஸ் லிமிட் இருந்தா அதையும் எடுங்க. என்விடியா ஆப் இருந்தா ஆல்ட்டும் ஆர்-உம் சேத்து அமுக்கினா ஓரத்துல எஃப்பிஎஸ், கார்டு எத்தன சதவீதம் வேல பாக்குது எல்லாம் வரும். ஒரே எடத்துல நின்னு நம்பர குறிச்சுக்கோங்க. இப்ப ரெசல்யூஷன 1080ல இருந்து 720க்கு எறக்குங்க. எஃப்பிஎஸ் சட்டுனு எகிறிச்சுன்னா கார்டுதான் இழுத்து புடிச்சிட்டு இருந்திருக்கு, பெரிய கார்டு உதவும். நம்பர் அசையவே இல்லேன்னா சிபியுவோ ராமோதான் பிரச்சனை, 4070 என்ன, எத போட்டாலும் அங்கயேதான் நிக்கும். ராம்னு ஏன் சொல்றேன்னா நம்ம ஊர்ல விக்கிற நெறைய லேப்டாப்ல ஒத்த ஸ்டிக்தான் போட்டு குடுக்கறாங்க, ரெண்டு ஸ்லாட்டுல ஒண்ணு காலி. இன்னொரு ஸ்டிக் வாங்கி போட்டா டூயல் சேனல் ஆகும், அதாவது ராமுக்கு போக வர ரெண்டு வழி கெடைக்கும், இந்த மாதிரி கேம்ல கார்ட மாத்தினத விட அது நல்லா தெரியும்.

ஸ்கிரீனையும் பாத்துடுங்க. 1080 ஸ்கிரீன்ல மொத்தம் இருபது லட்சம் பிக்சல், இப்ப நெறைய வர்ற 2560க்கு 1600 ஸ்கிரீன்ல நாப்பது லட்சம், ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேல. 1080 ஸ்கிரீனுக்கு 4070 போட்டு காசு வாங்கறதும், 1600க்கு 4050 போட்டு விக்கறதும் ரெண்டுமே பொருந்தாத ஜோடி. ரெண்டாவது ஜோடிய டிஎல்எஸ்எஸ் (சின்ன சைஸ்ல வரைஞ்சு ஏஐ வச்சு பெருசாக்கற என்விடியா வசதி) போட்டு ஓரளவு ஒப்பேத்தலாம், முதல் ஜோடில உங்க காசு சும்மா தூங்கும். அதே மாதிரி 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு (ஸ்கிரீன் எவ்ளோ கலர் காட்டும்ன்ற அளவு) போட்ட வெளுத்துப்போன ஸ்கிரீன்ல எந்த கார்டு போட்டு ஓட்டினாலும் கேம் துவச்ச சட்டை மாதிரிதான் தெரியும்.

காசு கணக்கு

எஃப்பிஎஸ்ஸ எஃப்பிஎஸ்ஸா பாக்காம ஒரு ஃப்ரேமுக்கு எவ்ளோ நேரம்னு மாத்தி பாருங்க. 45ல இருந்து 60க்கு போனா ஒரு ஃப்ரேம் 22 மில்லிசெகண்டுல இருந்து 16.7க்கு வருது, அஞ்சரை மில்லிசெகண்டு மிச்சம், கண்ணுக்கும் கைக்கும் நல்லா தெரியும். 120ல இருந்து 144க்கு போனா ஒன்றரை மில்லிசெகண்டு கூட இல்ல. ரெண்டாவதுக்கு 24 எஃப்பிஎஸ் கூடுச்சுன்னு விளம்பரத்துல பெருசா இருக்கும், முதல்ல வெறும் 15தான், ஆனா காசு போட வேண்டியது முதலுக்குத்தான். உங்க கேம், உங்க ரெசல்யூஷன், அந்த வாட்டு, இது மூணும் ஒத்துப்போற ரிவ்யூல சின்ன கார்டு 70, 80 எஃப்பிஎஸ் காட்டுச்சுன்னா அங்கயே நிறுத்திக்கோங்க.

அப்புறம் ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டு காட்டற கிராஃப் எல்லாத்தையும் தாண்டி போயிடுங்க. 2025 ஜனவரில 50 சீரிஸ் அறிமுகப்படுத்தினப்ப 5070ல 4090 பெர்ஃபார்மன்ஸ்னு மேடையிலயே சொன்னாங்க, அது கார்டு நடுவுல தானே வரைஞ்சு சொருகற ஃப்ரேமையும் சேத்து எண்ணினது. சொருகின ஃப்ரேம் பாக்க வழவழன்னு இருக்கும், ஆனா நீங்க மவுஸ அமுக்கினதுக்கு பதில் வர்றது நெஜ ஃப்ரேம்லதான். அத ஓட்டவும் கொஞ்சம் மெமரி வேணும், 6 ஜிபி கார்டுல ஏற்கனவே எடமில்லாத வீட்ல விருந்தாளி வந்த மாதிரி ஆயிடும்.

பிளெண்டர் (3டி படம் செய்யற சாஃப்ட்வேர்), வீட்ல ஏஐ மாடல் ஓட்டறது இதெல்லாம் உண்டுன்னா கணக்கு வேற. பிளெண்டர்ல ரெண்டர் போட்டா கோர் கூட இருந்தா நேரம் குறையும், 4070 அங்க அதோட காச சம்பாதிக்கும். ஏஐக்கு மெமரிதான் எல்லாம், 8க்கு பதில் 12, 16 இருந்தா நேரா அங்க போங்க. ஆனா "எப்பவாச்சும் எடிட்டிங் கத்துக்கலாம்னு இருக்கேன்"னு சொல்றவங்க அத சேத்துக்க வேணாம், நானும் மூணு வருசமா கத்துக்கலாம்னுதான் இருக்கேன்.

சித்தி பையன் கடைசில 4060தான் எடுத்தான், 115 வாட்டு, 1600 ஸ்கிரீன், கொஞ்சம் கனம் ஜாஸ்தி. "எல்லாம்தான்"னு சொன்னவன் தோண்டி கேட்டப்ப ஆடறது வாலரண்டும் ஜிடிஏ 5ம்னு தெரிஞ்சுது.

லேப்டாப் வந்த அன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, அவனையும் போன்ல வச்சுகிட்டே செய்ய வச்சேன். சார்ஜர் சொருகி, பெர்ஃபார்மன்ஸ் மோட் போட்டு, என்விடியா கண்ட்ரோல் பேனல திறந்து ஹெல்ப்புக்குள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போங்க, அங்க மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்னு ஒரு வரி இருக்கும். கடைக்காரன் சொன்ன நம்பரும் அந்த நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. இல்லேன்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, பெட்டிய கிழிக்காதீங்க, ரிட்டர்ன் தேதி தாண்டறதுக்குள்ள போன போடுங்க.