புது சீல் போட்டும் ஹப்பில் ஆயில் கசிகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரியின் பின் ஆக்சில் ஹப்பில் (சக்கரம் மாட்டிச் சுற்றும் நடுப்பகுதி) ஆயில் கசிந்தால், பழைய சீலை (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைத் தட்டி ஏற்றுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. கொஞ்ச நாளிலேயே அதே டயரின் உள்பக்கம் மறுபடியும் நனைந்து நிற்கும். சீல் மட்டம் என்று கோபம் வரும். ஆனால் பழைய சீலைக் கெடுத்த காரணம் இன்னும் உள்ளேயேதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ஹப்பை மூடுவதுதான் முதல் தவறு.

கழற்றும் முன் ஈரம் எங்கே என்று பாருங்கள். ஹப்பின் வெளிமுகத்தில், ஆக்சில் ஷாஃப்ட் ஃபிளேஞ்சை (ஷாஃப்ட் முனையில் உள்ள தட்டு) சுற்றி மட்டும் நனைந்திருந்தால் கேஸ்கட்டையும் நட்டுகளையும் பார்த்தால் போதும். டயரின் உள்பக்கமும் டிரம்மும் நனைந்திருந்தால் சீல்தான்.

நிறையப் பேர் கை வைக்காமலே விடுவது பிரீதரை. வண்டி ஓட ஓட கிரவுன் ஆயில் (ஆக்சிலின் நடுவிலுள்ள பற்சக்கரங்களுக்கான ஆயில்) சூடேறும், ஆக்சிலின் கூடான ஹவுசிங்குக்குள் காற்று விரியும். அது வெளியேற ஹவுசிங்கின் மேல் சின்னதாக ஒரு வழி இருக்கிறது, அதுதான் பிரீதர். அதைச் சேறு அடைத்துவிட்டால் காற்று சீலின் லிப்பை (ஒட்டி அடைக்கும் மெல்லிய ஓரம்) தள்ளும், கூடவே ஆயிலும் வரும். ஒரு வண்டிக்கு இரண்டு பக்கமும் மாறி மாறி மூன்று தடவை சீல் போட்ட பிறகுதான் நான் பிரீதரைக் கழற்றினேன். மண் கல்லாக இறுகிக் கிடந்தது, வாய் வைத்து ஊதினால் காற்று துளியும் போகவில்லை. டீசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்து மாட்டியதும் கசிவு நின்றுவிட்டது. லெவல் பிளக்கை (ஆயில் அளவைப் பார்க்கும் துளையின் மூடி) தாண்டி ஆயில் ஊற்றினாலும் இதே தொல்லைதான்.

ஹப் வெளியே வந்ததும் ஸ்பிண்டிலில் (ஹப் ஏறி உட்காரும் ஆக்சில் முனை) சீல் உட்காரும் இடத்தைத் துடைத்துவிட்டு விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் எந்தச் சீலும் சரியாக உட்காராது. சீல் உட்காரத் தனி வளையம் உள்ள ஆக்சிலில் பழைய வளையத்தையே விட்டுவிடாதீர்கள். அதை உளியால் வெட்டும்போது ஸ்பிண்டிலில் கீறல் விழுந்தால் ஆயிலுக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. எமரி பேப்பரையும் சுற்றுவாக்கில்தான் ஓட்ட வேண்டும், நீளவாக்கில் இழுக்கக் கூடாது.

புதுச் சீலை நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் அது ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். அந்தச் சீலுக்கு உரிய டூலை வைத்துத்தான் இறக்க வேண்டும். ஆயில் தடவிப் போடுவதா, காய்ந்தபடியே போடுவதா என்பது சீலுக்குச் சீல் மாறும், பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அப்புறம் ஹப்பை ஏற்றும்போது வீல் டாலியில் (சக்கரத்தைத் தாங்கும் தள்ளுவண்டி) வைத்து மட்டமாகத் தள்ளுங்கள். ஸ்பிண்டிலின் மரையில் ஒரு தடவை உரசினால் லிப் கிழிந்துவிடும். வெளி பேரிங்கையும் நட்டையும் போடாமல் டாலியை எடுத்துவிட்டால் ஹப்பின் முழு எடையும் சீல் மேல் தொங்கும்.

அடுத்தது பேரிங் ப்ளே, அதாவது ஹப் உள்ளும் வெளியுமாக அசையும் அளவு. இதில்தான் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்து ‘சரியா இருக்கு’ என்று சொல்வது போதாது. இருக்க வேண்டிய ப்ளே 0.025 முதல் 0.127 மில்லிமீட்டர் வரைதான். அதைக் கை சொல்லாது, டயல் கேஜ்தான் சொல்லும். லூசாக இருந்தால் சுற்றுக்குச் சுற்று ஹப் ஆடும், லிப் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் விலகும். டைட்டாக இருந்தால் சூடேறி லிப் கருகும், பேரிங்கும் போகும். பரவலாகப் பின்பற்றும் முறை இது: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை 200 அடி-பவுண்டுக்கு முறுக்கி, ஒரு சுற்றுத் தளர்த்தி, மறுபடி 50 அடி-பவுண்டுக்கு முறுக்க வேண்டும். அதன்பின் எவ்வளவு தளர்த்துவது என்பது ஆக்சிலையும் நட்டின் மரையையும் பொறுத்தது, மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள். லாக் செய்த பிறகும் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள்.

ஆயிலில் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ திரும்பப் போடாதீர்கள். ஊறிய ஆயில் சூட்டில் மறுபடி மேலே வரும், பிரேக் பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பிரேக்கில் ஒருபக்கமாக இழுக்கும். ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு அப்படியே வண்டியை எடுத்துவிடக் கூடாது. ஹப்புக்குள் அப்போது ஆயிலே இருக்காது, பேரிங் காய்ந்தபடி சுற்றிக் கருகிவிடும். ஹப்பில் ஊற்றும் துளை இருந்தால் அதில் ஊற்றுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, ஸ்டாண்ட் கொடுத்து, ஆயில் மறுபக்க ஹப்புக்குள் இறங்கும்வரை சில நிமிடம் வைத்திருங்கள். பிறகு இந்தப் பக்கத்துக்கும் அதே மாதிரி. வண்டியை மட்டமாக இறக்கிய பின் ஹவுசிங்கில் லெவல் பார்த்தால் குறைந்திருக்கும், அதை நிரப்பிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.