1500 மீட்டர் 7 நிமிஷத்துக்குள்ள: போலீஸ் செலக்ஷனுக்கு எப்படி ஓடிப் பழகணும்

கான்ஸ்டபிள் செலக்ஷனுக்கு ரெடியாகுற தம்பிங்களுக்காக இத எழுதுறேன். ரிட்டன் எக்ஸாம்ல நல்ல மார்க் வாங்கிட்டு, 1500 மீட்டர்ல வெளிய வர்ற பசங்கள வருஷா வருஷம் பாக்குறேன், மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு, ஏன்னா அவங்க யாரும் சோம்பேறி இல்ல, தினமும் உயிரக் குடுத்து ஓடுனவங்கதான், ஓடிப் பழகுன விதம்தான் தப்பு.

முதல்ல கணக்கப் பாத்துடுவோம். 1500 மீட்டர் 7 நிமிஷம்னா 100 மீட்டருக்கு 28 செகண்ட். அன்னைக்கு வெயிலோ கூட்டமோ எப்படி இருக்கும்னு தெரியாது, அதனால 6.45, அதாவது 6 நிமிஷம் 45 செகண்ட், டார்கெட் வச்சுக்கோங்க, அப்போ 100 மீட்டருக்கு 27 செகண்ட், 400 மீட்டர் ரவுண்டுக்கு 1 நிமிஷம் 48 செகண்ட். உங்க ஊர் ஸ்கூல் கிரவுண்ட் 200 மீட்டர்தான்னா ஒரு ரவுண்டு 54 செகண்ட். வாட்ச் பாக்காமலே இந்த வேகம் காலுக்குத் தெரியணும், அதுவரைக்கும் விடாதீங்க.

போன மாசம் ஒரு தம்பிக்கு டைம் எடுத்தேன். விசில் அடிச்சதும் பாய்ஞ்சான், முதல் ரவுண்டு 1.25. ரெண்டாவது 1.50, மூணாவது 2.15, கடைசி 300 மீட்டர்ல தோள்பட்டை ரெண்டும் காது வரைக்கும் ஏறிடுச்சு, கை இறுகிப் போச்சு, 7.30க்குத்தான் வந்தான். நாலு நாள் கழிச்சு அதே பையன் கூட நானும் ஓடுனேன், முந்தப் பாத்தப்பல்லாம் கையப் புடிச்சு இழுத்து முதல் ரவுண்ட 1.50ல முடிக்க வச்சேன். 6.58! நாலு நாள்ல உடம்பு மாறாது தம்பி, வேகத்தப் பிரிச்ச விதம்தான் மாறுச்சு.

காரணம் இதான். தசைக்கு சக்தி மூணு வழில வருது. தசையிலயே ரெடியா இருக்குற ஏடிபியும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் முழு வேகத்துல ஒரு 10 செகண்ட் தாங்கும். அடுத்தது ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரைய வேகமா உடைக்குறது, அது ஒண்ணு ரெண்டு நிமிஷம், அப்பவே தசையில அமிலம் ஏறும், கால் கல்லு மாதிரி ஆகுறது அந்த நேரத்துலதான். மூணாவது ஆக்சிஜன வச்சு எரிக்கிறது, இது மெதுவாத்தான் சூடு புடிக்கும், ஆனா நின்னு பேசும். 7 நிமிஷ ஓட்டத்துல முக்கால்வாசிக்கு மேல இந்த மூணாவது வழிதான் வேலை செய்யுது. முதல் ரவுண்ட்லயே பாய்ஞ்சா ரெண்டாவது வழியில இருக்குறத அங்கயே தீத்துடுறீங்க.

அந்த மூணாவத வளக்க மெதுவா ஓடணும். நம்ப மாட்டீங்க, ஆனா உண்மை. வாரத்துல 3 நாள் 30 நிமிஷம், பக்கத்துல ஓடுறவன்கிட்ட மூச்சு முட்டாம ஒரு முழு வாக்கியம் பேச முடியுற வேகம் போதும். இதுலதான் ஹார்ட் ஒரு துடிப்புக்குக் கூடுதலா ரத்தம் தள்ளப் பழகும், தசைக்குள்ள பொடி ரத்தக்குழாய்ங்க பெருகும். ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் 4 தடவ, ஒவ்வொண்ணும் 1.48ல, நடுவுல 2 நிமிஷம் நடை. ஈஸியா வந்தா வேகத்தக் கூட்டாதீங்க, நடைய ஒன்றரை நிமிஷமா குறைங்க, அப்புறம் ஒரு நிமிஷம். ஒரு நாள் கயிறு ஏறுறதும் லாங் ஜம்ப்பும். ரெண்டு நாள் ரெஸ்ட், அதுல கை வைக்காதீங்க, உடம்பு தேறுறது ஓடும்போது இல்ல, தூங்கும்போதுதான்.

மூச்சு சீக்கிரம் பழகிடும், எலும்பும் தசைநாரும் லேட்டாத்தான் பழகும். மூச்சு நல்லா இருக்கேன்னு தூரத்த திடீர்னு கூட்டுனா முழங்காலுக்குக் கீழ முன்னாடி எலும்புல வலி வரும். அத மட்டும் ஓடி சரிபண்ணப் பாக்காதீங்க, நிறுத்துங்க. மத்தபடி மறுநாள் தொடை வலிக்குறது சகஜம், அதுக்குக் காரணம் பலர் சொல்ற லாக்டிக் ஆசிட் இல்ல, அந்த ஆசிட் ஓடி முடிச்ச ஒரு மணி நேரத்துலயே கலைஞ்சிடும், தசைல ஏற்பட்ட சின்ன சின்ன சேதம்தான் வலிக்குது, ரெண்டு மூணு நாள்ல போயிடும்.

காலைல எந்திரிக்குறதுக்கு முன்னாடி படுத்தபடியே மணிக்கட்டுல நாடி புடிச்சு 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குங்க. வழக்கத்த விட 10 கூட இருந்தா அன்னைக்கு வேகமா ஓட வேணாம்.

கடைசி வாரம் ஓட்டத்தப் பாதியா குறைச்சிடுங்க, வேகத்தக் குறைக்காதீங்க. செலக்ஷன் அன்னைக்கு ஓட்டத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே இட்லி சாப்பிட்டுடுங்க, 10 நிமிஷம் லேசா ஓடி உடம்ப சூடாக்கிட்டு நில்லுங்க. விசில் அடிச்சதும் முந்துறவங்கள முந்த விடுங்க, நீங்க உங்க 27 செகண்ட்லயே போங்க, மூணாவது ரவுண்ட்ல அவங்க ஒவ்வொருத்தரா உங்க பின்னாடி வருவாங்க.